பின்னால் வரும் வெளிச்சம்

அன்பு மகள் மெர்சிக்கு மாதனூரிலிருந்து அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அம்மாவும் நான் ஓட்டுகிற ஷூ கம்பெனி பஸ்ஸும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறோம், மும்பையில் நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் நேரத்துக்குச் சாப்பிட்டு இருக்க வேண்டும் என்றுதான் எங்கள் ஜெபம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு நிமிஷம்ப்பா என்று போய்விடுகிறாய், அந்த நிமிஷம் மறுநாள்தான் முடிகிறது. அம்மா எலுமிச்சை ஊறுகாய் கூரியரில் அனுப்புகிறாள், அந்த டப்பாவோடு இதையும் வைக்கிறேன், எண்ணெய் பட்டிருந்தால் திட்டாமல் படி.

முதலில் அம்மாவின் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நீ வேலையில் சேர்ந்தபோது ட்ரைலர் கட்டிங் என்று சொன்னாய் அல்லவா, அம்மா காதில் அது டெய்லர் கட்டிங் என்று விழுந்திருக்கிறது. அவள் கம்பெனியில் மிஷினில் தைக்கிறவர்கள் எல்லோரும் டெய்லர், தோல் வெட்டுகிற இடம் கட்டிங், அவளுக்கு வேறு என்ன தோன்றும். என் மகள் பம்பாயில் பெரிய ஷூ கம்பெனியில் இருக்கிறாள் என்று இத்தனை நாளும் சர்ச்சிலும் கேன்டீனிலும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் மட்டும் என்ன, ஒருமுறை அங்கே ஆட்டுத்தோலா மாட்டுத்தோலா என்று உன்னைக் கேட்டேன், நீ ஜோக் என்று நினைத்துச் சிரித்தாய். போன வாரம் இரண்டு வீடியோ அனுப்பி, இதுதான் நான் கட் பண்ணியது என்று நீ சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அம்மா முழுவதும் பார்த்துவிட்டு, இதில் ஷூ எங்கே என்று என்னைக் கேட்டாள்.

இரண்டும் ஒரே பேய்ப்படத்தின் ட்ரைலர், கடைசியில்தான் வித்தியாசம். பனியில் தனியாக நடந்து போகிற பெண் ஒன்றில் திரும்பி வீரிட்டுக் கத்துகிறாள், இன்னொன்றில் திரும்பிச் சும்மா பார்க்கிறாள், அதோடு திரை இருண்டுவிடுகிறது. உனக்குப் பார்க்கிறதுதான் பிடித்திருக்கிறது. பொம்பளை கத்தினால்தான் ஜனங்கள் படத்துக்கு வருவார்கள், மாதக் கடைசிக்குள் கத்துகிற மாதிரியே முடித்துக் கொடு, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று உன் முதலாளி சொல்லிவிட்டார். என்ன செய்யட்டும்ப்பா, விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடட்டுமா என்று கேட்டபோது உன் குரல் ஒருமாதிரி இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தியேட்டரில் இடைவேளைக்கு முன்னாலேயே தூங்கிவிடுகிற ஆளிடம் போய்க் கேட்டாயே பாப்பா. ஆனாலும் கேட்டுவிட்டாய், அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை.

அதனால் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நீ சொல்லித் தந்தபடி சத்தத்தை நிறுத்திவிட்டு, கேமரா எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்தேன். அந்தப் பெண் குளிக்கப் போனால் கதவிடுக்கில் நிற்கிறது, தூங்கினால் பல்லி மாதிரி கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நடந்தால் பிடரிக்குப் பின்னாலேயே மூச்சு விட்டுக்கொண்டு வருகிறது. அவள் ஓடினால் அதுவும் ஆடி அலைகிறது. டார்ச் எடுத்துக்கொண்டு ஹீரோ வந்ததும் பார், மரியாதையாக முன்னால் போய் ஆடாமல் நின்று முழு முகத்தையும் காட்டுகிறது. பேயும் பெண், பேய்க்குப் பயப்படுகிறவளும் பெண், விரட்ட வருகிறவன் மட்டும் ஆண். பார்த்துப் பார்த்து எனக்குக் கனவெல்லாம் அதுதான். பஸ்ஸை ஓட்டிக்கொண்டே போகிறேன், பாலாற்று மணல் மேல் தண்ணீர் போகிற மாதிரி பனி போகிறது, கண்ணாடிக்கு முன்னால் ஈரக் கூந்தல்கள் மட்டும் மிதந்து போகின்றன, ஒன்றுக்கும் முகம் இல்லை. எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் நான் வீட்டில் இருக்கிறேனா பஸ்ஸில் இருக்கிறேனா என்று தெரிவதில்லை.

யாருக்கும் காட்டாதே என்று நீ சொன்னது அம்மா காதில் ஏறவே இல்லை, கோபித்துக்கொள்ளாதே. சாயந்திரம் வேலை விட்டு வரும்போது கூடத் தைக்கிற பில்கிஸின் பெரிய போனில் போட்டு பஸ் முழுக்கக் காட்டிவிட்டாள். கத்துகிறதை முதலில் போட்டாள். எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள், அடுத்த ஸ்டாப்பில் மறந்தும் போனார்கள். அம்மா மட்டும், கண் தனியாக, கால் தனியாக, முதுகு தனியாக வெட்டி வைத்திருக்கிறார்கள், நாங்களாவது வெட்டியதைத் தைத்து ஒரு ஷூவாக வெளியே அனுப்புகிறோம், இவர்கள் அவளை முழுசாகத் தைக்கவே இல்லையே என்றாள். பிறகு மற்றதைப் போட்டார்கள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்ததும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஹீனா என்று புதிதாக ஒரு பெண் வருகிறாள், தென்னந்தோப்பு தாண்டிக் கடைசி வீடு, அவள் மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். கொஞ்ச நாளுக்கு முன் விடியலில் எவனோ பைக்கில் அவள் பின்னாலேயே மெதுவாக வந்திருக்கிறான், அதிலிருந்து அவள் அம்மா வேலைக்கே போகவேண்டாம் என்று பேஜார் பண்ணிக்கொண்டிருந்தாள், இவளும் நின்றுவிடுவதாகத்தான் சொல்லியிருந்தாள்.

மறுநாள் விடியலில் நல்ல பனி. இங்கே மார்கழியில் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், மலை இருக்கிற இடமே தெரியாது, வெள்ளையாக ஒரு உலகம், அதற்குள் பஸ் மிதக்கிற மாதிரி இருக்கும். தோப்பு ஓரம் ஹீனா ஸ்டாப்பைப் பார்த்து முன்னால் நடந்து போவது லைட்டில் தெரிந்தது. நான் வழக்கம்போல் வேகத்தைக் குறைத்துப் பின்னாலேயே போனேன். அவள் நடை வேகமானது, தோள் இரண்டும் ஒடுங்கின. சட்டென்று அவள் நடுரோட்டில் நின்று திரும்பினாள். கத்தவில்லை, ஓடவும் இல்லை, நேராக வெளிச்சத்துக்குள் பார்த்தாள். நான் பிரேக்கை மிதித்தேன். யாரைப் பார்க்கிறாள் என்று புரியக் கொஞ்ச நேரமானது, மெர்சி. என்னைத்தான். பஸ்தான் என்று தெரிந்ததும் மெதுவாக வந்து ஏறினாள். "ணா, பின்னால லைட்டு வந்தா யாருன்னு எங்களுக்கு இன்னா தெரியும்? தூரத்துலயே ஒரு ஹாரன் அடிச்சிட்டு வாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு வெட்கமாகிவிட்டது. தினமும் எத்தனை பிள்ளைகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறேன், அந்த முதுகுக்கு முன்னால் இருக்கிற முகத்தை நான் நினைத்தே பார்த்ததில்லை. இப்போது தோப்புக்கு முன்னாலேயே ஹாரன் அடித்து, என் முகம் தெரிகிற மாதிரி உள் லைட்டைப் போட்டுவிட்டுத்தான் போகிறேன். ஹீனா நிற்கவில்லை, தினமும் வருகிறாள்.

அன்று டூட்டி முடிந்து வந்து உன் ட்ரைலரை மறுபடி பார்த்தேன், முதுகையே பார்த்தேன். வலது கால் கொஞ்சம் வெளியே சாய்கிறது, முந்தானையை மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறது. அது சின்ன வயசிலிருந்து உன் நடை, நடிகை இல்லை. யாரோ அன்று வரவில்லை என்று உன்னைச் சேலை கட்டி நடக்க விட்டிருப்பார்கள். திரும்பும்போது வாயோடு பாதி முகம் முடியில் மறைந்திருக்கிறது, அம்மாவுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது, வெட்கமில்லாமல் உட்கார்ந்து அழுதேன். பிறகு கத்துகிற வீடியோவை எடுத்துச் சத்தத்தை வைத்துக் கேட்டேன். அது உன் குரல் இல்லை. பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டதிலிருந்து உன் குரல் எனக்குத் தெரியும். எவளுடைய அலறலையோ எடுத்து உன் வாயில் உன் கையாலேயே ஒட்ட வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் படம் தெரியாது, வியாபாரமும் தெரியாது, முதலாளி சொல்கிற மாதிரி கூட்டம் கத்தலுக்குத்தான் வருமோ என்னவோ. ஆனால் அன்றைக்கு அங்கே நடந்தவள் நீ, திரும்பினவளும் நீ, நீ கத்தவில்லை. கத்தாத என் பிள்ளையைக் கத்தினதாக ஊருக்குக் காட்ட வேண்டாம். முடியாது என்று சொல்லிவிடு. அவர் வேலையை விட்டு எடுத்தால் எடுக்கட்டும், தைரியமாக ரயில் ஏறு, உனக்கு இங்கே சோறும் இடமும் உண்டு, கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு வேறு வேலை தேடலாம். எந்த நேரத்துக்கு வந்தாலும் ஜோலார்பேட்டை ஸ்டேஷனுக்கு வந்துவிடுவேன். பின்னால் வந்து தோளைத் தொட மாட்டேன் பாப்பா, நீ இறங்கும்போதே என் முகம் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில், உனக்கு முன்னால் நிற்பேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அம்மா முத்தம் கொடுக்கச் சொன்னாள், ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே என்றும் சொன்னாள்.

உன் மேல் உயிராக இருக்கும் அப்பா,
ரத்தினசாமி