பலகையில் இருந்ததை வாசித்தேன்

என் வீட்டுக்காரிக்கு, மூட்டுவலி குறைந்ததா? நான் சுகம். இது என் கையாலேயே எழுதும் முதல் கடிதம். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

நான் கூட்டிவந்த அறையில் ஓர் ஆராய்ச்சிக்கார அம்மா இருக்கிறார். உரியவர் மட்டுமே படிக்கக்கூடிய ரகசியக் கடிதம் எழுத வாரம் முழுக்க வழி தேடுவார். சனிக்கிழமை என்னோடு கேரம் ஆடுவார். போன திங்களன்று அவர் பலகையில் எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்துவிட்டேன்.

"தாத்தா, உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"நாலு மாசமா வெளுத்துக் கட்டுறேன்மா!"

அவர் முகம் வாடிவிட்டது. எழுத்தறியாதவன் என்றுதான் அந்த அறையை எனக்குக் கொடுத்திருந்தார்களாம். இப்போது கார் நிறுத்துமிடத்தைக் கூட்டுகிறேன். காற்றுக்குக் குறைவில்லை, பேசத்தான் ஆளில்லை.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. வேலைக்கு மணி அடித்துவிட்டது. நீயும் படிக்கக் கற்றுக்கொள். மருமகள் வாசித்துக் காட்டும் கடிதத்தில் இதற்கு மேல் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்