குடும்பத்தில் முதல் ஆள்

ஞாயிறு இரவு, செப்ரெம்பர் 13

நகரசபைத் தேர்தலில் நிற்கிறேன். வாக்குக் கேட்டு இன்று மகளோடு எங்கள் வோபர்ன் பகுதியில் வீடு வீடாகப் போனேன். ஒரு அங்கிள், "உங்கட குடும்பத்திலை ஆர் அரசியல் செய்தது?" என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். வீட்டுக்குத் திரும்புவோம் என்று வீதிக்கு இறங்கினேன்.

வரலாறு படிக்கும் மகள்தான் சொன்னாள். "அம்மா, பழைய ரோமிலை சிசரோ எண்ட பேச்சாளருக்கும் உப்பிடித்தான். குடும்பத்திலை ஒருத்தரும் பதவியிலை இருக்கேல்லை. பெரிய வீட்டுக்காரர் நக்கலடிச்சவை. வழக்குப் பேசிப் பேர் எடுத்து, கொன்சல் எண்ட ஆகப் பெரிய பதவி வரைக்கும் வந்தவர்."

"பிறகு?"

"கொன்று போட்டாங்கள். அது இருபது வருசத்துக்குப் பிறகு."

இருவரும் வீதியிலேயே விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்த வீட்டு மணியை நானே அடித்தேன். தாதி உடுப்போடு வந்த பெண் என்னையும் என் கையில் இருந்த தேர்தல் துண்டுப்பிரசுரத்தையும் பார்த்தாள்.

"தேர்தலிலை நிக்கிறது நீங்களோ அன்ரி? உள்ளுக்கை வாங்கோ."