சீனத்துப் பல் டாக்டர் சொன்ன 'தா ரென்'

1956 அக்டோபர் 9, கெலமங்கலம்

கடைவாய்ப் பல் வலி. கன்னம் போண்டாவாக வீங்கிவிட்டது. வகுப்பில் பிள்ளைகளையே வாய்ப்பாடு சொல்லச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதம் குருபரப்பள்ளியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்களாம். மாப்பிள்ளை முனிவேல் என் காது உயரம்தானாம். முன்பு வந்த இரண்டு பேரும் நான் எழுந்து நின்றதும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர்கள். "இந்தத் தடவ உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்கக் கூடாது," என்று அண்ணன் இப்போதே சொல்லிவிட்டான்.

அக்டோபர் 11

பெங்களூரிலிருந்து வியாழன்தோறும் ஓசூர் வரும் சீனத்துப் பல் டாக்டரிடம் போனேன். நாற்காலியில் நான் உட்கார்ந்தும் அவருக்கு எட்டவில்லை. மரப்பெட்டியைப் போட்டு மேலே ஏறினார். எனக்கு மானம் போயிற்று. "ராட்சசி மாதிரி வளந்துட்டேன், கோவிச்சுக்காதீங்க," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பல்லைப் பிடுங்கிப் பஞ்சை அடைத்த பிறகு கன்னடமும் தமிழுமாகப் பேசினார். என்னால்தான் வாயைத் திறக்க முடியாதே.

"ராட்சசி வேணாம்மா. எங்க தேசத்துல பழைய வார்த்தை இருக்கு. தா ரென். கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற ராட்சச உசர ஜனங்களுக்கு அதான் பேரு."

மருந்து மடிக்கும் தாளில் எழுதியும் காட்டினார். 'ரென்' என்றால் மனிதர். 'தா' என்றால் பெரிய. 'தா'வின் ஆதி வடிவம் ஒரு படம், எலும்பில் கீறியதாம். குறுக்கே ஒரு கோடு, இரண்டு கைகள். கீழே பிரிகிற கோடு, கால்கள்.

"மனுசன் கைய விரிச்சு நேரா நிக்கறான். அவ்ளோதான் 'பெருசு'. அப்பறம் துரைமாருக்கும் தா ரென்னு சொன்னாங்க. இப்ப வளர்ந்தவங்க எல்லாருக்கும் அதே வார்த்தை."

பஸ்ஸில் வீடு வரும்வரை உடம்பு சிலிர்த்துக்கொண்டே இருந்தது.

அக்டோபர் 12

தூக்கமில்லை. வலியால் அல்ல. பெரியது என்று சொல்ல அவர்கள் மலையை வரையவில்லை. யானையை வரையவில்லை. நேராக நிற்கிற ஒரு ஆளை வரைந்திருக்கிறார்கள். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால், என்னைப் பார்க்காமலே! நாமும் வளர்ந்தவர்களைப் பெரியவங்க என்றுதானே சொல்கிறோம்? இத்தனை நாள் அதைச் சொல்லிக்கொண்டே கூனி நடந்திருக்கிறேன்.

நவம்பர் 3

அம்மா முழங்காலை மடக்கி நடக்கப் பழக்குகிறாள். வாத்து தோற்றுவிடும். என்னால ஆகாதும்மா, ஆகாது.

நவம்பர் 11

வந்தார்கள். பாயில் உட்கார்ந்திருந்தேன். காப்பி கொடுத்தது அம்மா. முனிவேலின் அம்மா, "புள்ளைக்குக் கால்ல ஏதாச்சும் கொறையா?" என்று மெதுவாகக் கேட்டாள். அண்ணன் முந்திக்கொண்டு, "கூச்சம்," என்றான்.

எழுந்தேன். முதுகை வளைக்காமல், முழுசாக. பயம்தான், ஆனாலும் குனியவில்லை.

முனிவேல் தலையை நிமிர்த்திப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எங்க ஊட்டு நெலவாசல்ல இவங்களுக்குத் தல இடிக்குமே," என்றார். காப்பியை மட்டும் முழுக்கக் குடித்துவிட்டுப் போனார்கள்.

மரியாதையாக வேண்டாம் என்று சொல்ல அது ஒரு வழி போலிருக்கிறது.

நவம்பர் 12

எனக்கு அழுகை வந்தது, ஆனால் வருத்தமில்லை. இது என்ன கூத்து?

டிசம்பர் 2

ராகி வாங்க வந்த வியாபாரி ஆஞ்சப்பன் குருபரப்பள்ளி வழியாக வந்தவர். அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குச் சேதி வரலியா? முனிவேல் ஊட்ல நெலவாசலப் பேத்துப் போட்டுட்டாங்க. ஒசத்திக் கட்டறாங்களாம். கதவு இல்லாம நாயெல்லாம் உள்ள போயிட்டு வருது."

அண்ணன் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

உனக்குச் சம்மதமா என்று இன்னும் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கட்டும், சொல்கிறேன்.