கேடயத்தை ஆற்றில் எறிந்தவன்

ஜூன் 12, 1914, வெள்ளி

காலையிலிருந்து மழை. வகுப்பில் பழைய வீரகாவியத்தைப் படித்து முடித்தோம். கோம்பெர் பிரபு தன் அரசன் கண்ணெதிரே கேடயத்தை ஆற்றில் எறிகிறான். பகைவர்கள் தன் நெஞ்சைத் தெளிவாகப் பார்க்கட்டும் என்கிறான். கேடயம் பிடிப்பதில் வெட்கமில்லை என்று நண்பன் இத்தியே கெஞ்சுகிறான். கோம்பெர் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் செத்துப்போகிறான். இத்தியே ஆற்றில் இறங்கி அந்தக் கேடயத்தைத் தேடி எடுக்கிறான். அதோடு காவியம் முடிகிறது.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த பெர்த் கிசுகிசுத்தாள்: "அழாதடி. அவன் உயிரோட இருந்தாலும் உன்னைக் கட்டியிருக்க மாட்டான். கண்ணாடி போட்டவளை அவனுக்குப் புடிக்காது."

கட்டுரைத் தலைப்பு: இருவரில் உயர்ந்தவன் யார்? இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

ஜூன் 19

இருபதுக்குப் பதினேழு. இத்தியேயைக் கோழை என்று எழுதியிருந்தேன். ஆசிரியை வாஸ்லென் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறார்: "அவன் கேடயத்தை ஏன் தேடி எடுத்தான் என்று நீ யோசிக்கவில்லை." நண்பனின் நினைவாக எடுத்திருப்பான். வேறென்ன?

ஜூலை 14

ஃபிர்மென் அண்ணன் இராணுவக் கல்லூரியிலிருந்து விடுப்பில் வந்திருக்கிறான். வாத்தும் பட்டாணியும் சமைத்தோம். சாப்பிட்டுக்கொண்டே என் கட்டுரையை உரக்கப் படித்தான்.

"எலி, நீ பையனாப் பிறந்திருந்தா எனக்கு மேலதிகாரியா வந்திருப்ப." ஒதீல் என்ற என் பெயரை எலி ஆக்கியவன் அவன்தான்; வேறு யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

அம்மா தட்டை எடுத்தபடி கேட்டாள்: "ஆத்துல எறிஞ்சானே, அதை அவனுக்கு வாங்கிக் கொடுத்தது யாரு? அவங்க அம்மாதானே?"

அவனுடைய வெள்ளைக் கையுறையில் கட்டைவிரல் பக்கம் தையல் விட்டிருந்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோனதால் அம்மா வெளிர் மஞ்சள் நூலால் தைத்தாள். கிளம்பும் அவசரத்தில் அண்ணன் கையுறையை மறந்து போய்விட்டான்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

தேவாலய மணி நிற்கவே இல்லை. போர்.

ஆகஸ்ட் 8

அண்ணனிடமிருந்து கடிதம். இப்போது அவன் அதிகாரி. முதல் தாக்குதலுக்குத் தொப்பியில் இறகும் கையில் வெள்ளைக் கையுறையுமாகப் போவதென்று அவனும் நண்பர்களும் வாக்குக் கொடுத்திருக்கிறார்களாம். கையுறையை உடனே அனுப்பச் சொல்கிறான்.

"கல்யாணத்துக்கா போறான்?" என்றாள் அம்மா. கையுறையை அலமாரியில் படுக்கை விரிப்புகளுக்கு அடியில் தள்ளினாள். "காணோம்னு எழுதிடு ஒதீல்."

ஆகஸ்ட் 10

வெறுங்கையோடு அவன் மட்டும் தனியாக நிற்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வாக்கு தவறியவன் என்பார்கள். இத்தியே என்பார்கள்.

அம்மா சந்தைக்குப் போனதும் எடுத்தேன். தபாலில் சேர்த்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 30

கடிதம் இல்லை.

செப்டம்பர் 9

போர்முனைச் சாவுச் செய்தியை வீடுகளுக்குச் சொல்லும் நகராட்சித் தலைவர் கறுப்புக் கோட்டு அணிந்து எங்கள் தெருவுக்குள் வந்தார். அந்தக் கோட்டைக் கண்டதும் வீட்டுக்கு வீடு கதவைச் சாத்தினார்கள். எங்கள் கதவு மட்டும் திறந்திருந்தது.

செப்டம்பர் 10

எலி என்று கூப்பிட இனி யாரும் இல்லை.

செப்டம்பர் 27

அண்ணனின் படைப்பிரிவிலிருந்து காயம்பட்ட சிப்பாய் ஒருவர் வந்தார். பெயர் ஜுவானோ. ஒரு கை கட்டுத்துணியில் தொங்கியது. தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

"எங்களுக்கு முன்னாடி நடந்தாரும்மா. 'கையைப் பையில விட்டுக்குங்க ஐயா, தூரத்துலயே பளிச்சுன்னு தெரியுது'ன்னேன். சிரிச்சாரு. தெரியணும்னுதான் போட்டிருக்கேன்னாரு."

அம்மா, "எங்க வெச்சிருக்கீங்க அவனை?" என்று கேட்டாள்.

அவர் முழங்கால் மேலிருந்த தொப்பியைப் பார்த்தபடி சொன்னார்: "தூக்கிட்டு வர கையில எதுவும் இல்லம்மா. ஒரு பலகைகூட இல்ல. வயல்லயே விட்டுட்டு வந்தோம்." பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒற்றைக் கையுறையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அம்மா அதைத் திருப்பினாள். கட்டைவிரல் பக்கம் மஞ்சள் நூல். அதை விரலால் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லேன்ம்மா – திட்டேன் –

இத்தியே எதற்காக ஆற்றில் இறங்கினான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கோம்பெரை அந்தக் கேடயத்தில் கிடத்தி வீட்டுக்குத் தூக்கி வருவதற்கு.

அக்டோபர் 6

பள்ளி திறந்துவிட்டது. போன வருடக் கட்டுரைகளை இளைய வகுப்புக்குப் படித்துக் காட்டுவது வழக்கம்; என்னுடையதைப் படிக்கும்படி ஆசிரியை கேட்கவில்லை. நல்லவர்.

அம்மா ஒன்பது நாளாக – இல்லை, எண்ணவில்லை. அம்மா என்னோடு பேசுவதில்லை.

அக்டோபர் 18, ஞாயிறு

போர்முனைக்குக் கையுறை பின்னுவதற்காகப் பள்ளியில் நூல்கண்டுகள் கொடுத்தார்கள். எல்லாம் வெள்ளை. நூலுக்குப் பழுப்புச் சாயமேற்ற வால்நட் காயின் பச்சைத் தோலைப் பொறுக்கி வந்து முற்றத்தில் பெரிய பானையில் கொதிக்க வைத்தேன். என் கை மணிக்கட்டு வரை கறுத்துவிட்டது.

அம்மா வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "இன்னும் தோல் போடு. நல்லா மண் மாதிரி வரணும்" என்றாள்.

மேலங்கிப் பையிலிருந்து அந்த ஒற்றைக் கையுறையை எடுத்துப் பானைக்குள் போட்டாள். அது மிதந்தது. அம்மா கரண்டியை என்னிடம் நீட்டினாள். நான் கையுறையை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.