நீ வெட்ட விடாத புல்

அன்பு நண்ப,

இன்று காலை சாளரத்தைத் திறந்தேன். கீழே, பார்க்டேல் தெருவோரப் பூங்காவில் நகராட்சியார் புல் வெட்டிக்கொண்டிருந்தனர். தண்டவாள வண்டியின் மணியொலியோடு ஈரப் புல்லின் மணமும் மாடிவரை ஏறி வந்தது. இந்நகரத்தார்க்கு அது கோடை பிறந்ததன் மணம். எனக்கோ, நீ எவரையும் வெட்ட விடாத புல்லின் மணம். சாளரத்தை மூட எண்ணியவன் மூடாமலே நெடுநேரம் நின்றேன்.

ரொறன்ரோவுக்கு வடக்கே நீ நிலம் வாங்கிய செய்தி கேட்டு நாங்கள் நகைத்தோம். பாலங்களுக்குக் கணக்குப் போடும் பொறியாளனுக்கு வயலும் சதுப்பும் எதற்கு என்று கேட்டோம். இளவேனிலில் மாகாண அரசின் காட்டுயிர் அறிஞர், பீற்றர் என்னும் செந்தலை இளைஞர், முழங்கால்வரை இறப்பர்ச் சப்பாத்து அணிந்து உன் சதுப்பில் இறங்கியபோது நீயும் அவர் பின்னே இறங்கினாய். நோய்ப்பட்டு நின்ற எல்ம் மரங்களை வெட்டாதே, பொந்துகளில் வாத்துகள் குடியேறும் என்றார், விட்டுவைத்தாய். பொந்துகள் போதா என்றார். நிலவறையில் பலகை அறுத்துக் கூடுகள் செய்து கம்பங்களில் ஏற்றினாய். இறுதியில் அவர் புல்வெளியைக் காட்டினார். தென்னமெரிக்காவிலிருந்து பறந்து வந்து, தரையிலேயே கூடு கட்டும் ஒரு கருங்குருவி அங்கே இருந்தது. முதுகில் வெண்மை, பிடரியில் மஞ்சள். 'வெள்ளை முதுகான்' என்று நீயே அதற்குப் பெயரிட்டாய். குஞ்சுகள் பறக்கும்வரை புல்லில் கத்தி படக்கூடாது. உன் வயல் மட்டும் போதாது, பக்கத்து வயலும் வேண்டும் என்றார் பீற்றர்.

பக்கத்து வயல் முதியவர் ஹரல்டினுடையது. புல்லை முற்றவிட்டால் அவருடைய மாடுகளுக்குத்தான் இழப்பு. வேலியருகில் நின்று அவர் உன்னிடம் சொன்னதை நீ எத்தனையோ முறை எனக்குச் சொல்லியிருக்கிறாய். நீ வெட்டாதவரை நானும் வெட்டேன்; உன் வயலில் கத்தி விழும் நாளில் என் வயலிலும் விழும். அவ்வளவே. இருவரும் கைகுலுக்கிக்கொண்டீர்கள்.

ஆனால், நம் தமிழ் மன்றத்தின் ஆனி மாத ஒன்றுகூடலை உன் வயலில் நடத்த நீ பனிக்காலத்திலேயே இசைந்திருந்தாய். அப்போது நீ அந்தக் குருவியை அறியாய். புல்வெளியில் வேண்டாம், களஞ்சிய முற்றத்தில் கூடுவோம் என்று பின்னர் நீ சொன்னதை எவரும் பொருட்படுத்தவில்லை. விருந்தினர் வருமுன் வீட்டு வளவின் புல்லைச் செருக்கிக் கூட்டி வைப்பது நம் முறை. ஆதலால் மன்றத் தலைவர், நாம் யாவரும் அண்ணை என்று அழைப்பவர், உனக்கு உதவுவதாகவே எண்ணிப் புல்வெட்டும் பொறிகளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு முன்கூட்டியே வந்து இறங்கினார். பிள்ளைகளின் ஓட்டப் போட்டிக்குத் தடம் வெட்ட வேண்டுமாம்.

நீ அந்தப் பொறியின் முன்னே போய் நின்றாய்.

"அண்ணை, உதைத் திரும்ப வானிலை ஏத்துங்கோ. இந்தப் புல்லிலை இண்டைக்கு ஒருதரும் கை வைக்கேலாது."

"வாங்கோ எண்டு கூப்பிட்டுப்போட்டு வளவைக் காடாய் விட்டு வைச்சிருக்கிறாய். ஆரும் பாத்தால் வீட்டுக்காரன் செத்துப்போனான் எண்டெல்லோ நினைப்பினம்."

"நினைக்கட்டும் அண்ணை. குஞ்சுகள் இன்னும் பறக்கேல்லை."

பின்னால் நின்ற ஒருவர், "குருவிக்குக் குடியுரிமை குடுத்திட்டான். எங்களுக்கு விசாவும் இல்லை" என்றார். எல்லோரும் சிரித்தனர். நீ சிரிக்கவில்லை. உன் பார்வை வேலிக்கு அப்பால் இருந்தது. அங்கே ஹரல்ட், வெட்டுக் கத்தி பூட்டிய உழவுப்பொறியில் அமர்ந்து, உன் வயலில் இறங்கிய பொறிகளையே நோக்கிக்கொண்டிருந்தார். உன் சொல் நிற்குமா என்று பார்த்திருந்தார். அண்ணை முகம் சிவக்கப் பொறியை வான் வண்டிக்குத் திருப்பினார். அவர் உன்னோடு பேச மறு கோடை ஆயிற்று.

பிறகு என்னிடம் வந்தாய். நான் ஊர்திக் கூரையில் ஒலிபெருக்கி கட்டி வந்திருந்தேன். யாழ்ப்பாணத்து மேடைகளை அதிரவைத்த என் குரல் இந்நாட்டு வெளியிலும் முழங்கட்டும் என்ற வேட்கை எனக்கு.

"மச்சான், உது வேண்டாம். மெல்லக் கதை."

மெல்லப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை என்றேன். "தெரியும். அதுதான் கேக்கிறன்" என்றாய்.

களஞ்சிய முற்றத்தில் வெறுங்குரலில் பேசினேன். காதில் விழாததால் மக்கள் நெருங்கி வந்தனர். நாற்காலிகளை விட்டுத் தரையில் அமர்ந்தனர். அதுவரை நான் கூட்டங்களைத்தான் கண்டிருந்தேன். அன்று கண்களைக் கண்டேன். மொழி பிழைக்க வேண்டுமென்று நான் சொன்னபோது ஒரு தாய் தன் மடிப்பிள்ளையைக் குனிந்து பார்த்தாள். கைதட்ட உயர்ந்த கைகள் புல்வெளியை நோக்கித் தயங்கித் தாழ்ந்தன. அந்த அமைதியினூடே ஹரல்டின் உழவுப்பொறி தன் கொட்டிலுக்குத் திரும்பிப் போகும் ஒலி கேட்டது. நீ என் சட்டைக் கையைப் பற்றி வெளியைக் காட்டினாய். புல்லிலிருந்து ஒரு வெள்ளை முதுகான் பாடியபடியே மேலெழுந்தது.

அதற்குப் பின் எத்தனை மேடைகள் ஏறினேன்! அந்த அமைதிக்கு ஈடான கைதட்டல் எனக்குக் கிடைத்ததில்லை. முன்வரிசையில் உன்னைத் தேடுவேன். இனித் தேடியும் பயனில்லை. பனி மூடிய மண்ணைப் பிளந்து உன்னை வைத்துவிட்டு வந்தோம்.

வரும் ஞாயிறு உன் களஞ்சிய முற்றத்தில் உனக்கு நினைவுக் கூட்டம். நேற்று அண்ணை தொலைபேசியில் அழைத்தார். "எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், புல்லிலை ஒருதரும் கால் வைக்கக் கூடாதெண்டு" என்றார். ஹரல்டும் இவ்வாண்டு வெட்டவில்லையாம். வீட்டுக்காரன் செத்துத்தான் போனான், நண்ப. ஆனால் அந்தப் புல் ஓங்கி நிற்பது கவனிக்க ஆளில்லாததால் அல்ல.

ஒலிபெருக்கி கொண்டுவரட்டுமா என்று மன்றத்தார் கேட்டனர். வேண்டாமென்றேன். உரத்துப் பேசினால் அழுகையை மறைத்துவிடலாம். மெல்லப் பேசினால் மறைக்க இயலாது. தெரியட்டும். மெல்லவே பேசுவேன்.