பன்னிரண்டாவது பத்திரத்துக்காக எங்கள் வீட்டைக் காக்க வைத்த வக்கீல்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்,
தண்ணீர்த்தொட்டித் தெரு.

பெறுநர்:
மாவட்டப் பதிவாளர் அவர்கள்.

பொருள்: என் தங்கையின் வீட்டுக் கிரயப் பத்திரம் ஏழு மாதமாக வக்கீலின் பீரோவில் கிடப்பது, விற்றவர் உயிரோடு இருக்கும்போதே அதைப் பதிவு செய்து தரக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி வக்கீலும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவர் வாதாட எழுந்தால் நீதிபதியே எழுந்து நின்று மன்னிப்புக் கேட்பார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அச்சொற்கள் அனைத்தையும் தங்கள் முன்னிலையில் வாபஸ் பெறுகிறேன்.

2. என் தங்கை தையல்காரி; கணவரை இழந்தவள். தான் வாடகைக்கு இருந்த வீட்டையே அதன் உரிமையாளரான முன்னாள் கம்பவுண்டரிடம் வாங்கினாள். கையெழுத்தான பத்திரத்தை வக்கீலிடம் ஒப்படைத்தோம். "நாளைக்கே பதிஞ்சிடலாம்" என்றார். அந்த நாளை இன்னும் விடியவில்லை. பூமி சுற்றுவதை நிறுத்திவிட்டதா என்று வானிலை அலுவலகத்தில் நான் விசாரிக்காததுதான் பாக்கி. தங்கையோ வீடு தன்னுடையதென்று நம்பி, தையல் மிஷினைத் தரையோடு திருகி இறுக்கிவிட்டாள்.

3. வாரந்தோறும் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ பதிஞ்சாச்சுடா" என்றார். சென்ற மாதம் தங்கை குடிநீர் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றப் போனபோது, வீடு இன்னும் கம்பவுண்டர் பெயரிலேயே இருப்பதாக எழுத்தர் சொன்னார். வக்கீலின் அறைக்கு ஓடினேன். பீரோவில் நாடா கட்டிய பதினோரு பத்திரங்கள், எங்களுடையது அடியில். பன்னிரண்டு சேர்ந்தால்தான் ஒரே நடையாகத் தங்கள் அலுவலகத்துக்கு வருவது அவர் வழக்கமாம். "இன்னும் ஒண்ணுதான்டா குறையுது. நீ யாரையாவது கூட்டிட்டு வாயேன்" என்று சிரித்தார். ஐம்பது வருடப் பழக்கத்தில் அந்தச் சிரிப்புக்கு நான் பதில் சிரிப்பு சிரிக்காதது அன்றுதான்.

4. கம்பவுண்டருக்கு எண்பத்திரண்டு வயது, படுத்த படுக்கை. அவர் மூத்த மகன் போன வாரம் வந்து எங்கள் வாசலை டேப் வைத்து அளந்து போனார். கம்பவுண்டர் நேர்மையானவர். "நான் கிளம்புறதுக்குள்ள ஆபீசரைக் கூட்டிட்டு வாப்பா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

5. இதுவரை எழுதியதைத் தங்கையிடம் படித்துக் காட்டினேன். மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். "எல்லாம் சரி. நான் ரசீது கேட்டப்ப தடுத்தது யாருண்ணே? அதைக் காணோமே?" என்றாள். எழுதுகிறேன். டிக்கெட் இல்லாதவர்களை முப்பத்தோரு ஆண்டுகள் நடுவழியில் இறக்கிவிட்ட நான், சிநேகிதனிடம் ரசீது கேட்பது கேவலம் என்று அவள் வாயை அடைத்தேன்.

6. ஆகவே, தாமதத்துக்கான அபராதத்தைப் பெற்றுக்கொண்டு, கம்பவுண்டரின் படுக்கைக்கே அலுவலர் ஒருவரை இவ்வாரத்துக்குள் அனுப்பிப் பதிவை முடித்துத் தருமாறு வேண்டுகிறேன். மற்ற பத்துப் பத்திரக்காரர்களும் இன்று நிம்மதியாக அவரவர் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கும் தகவல் சொல்லவும். வக்கீலை விசாரிக்கையில் எதிர்மனுதாரர் வரிசையில் இரண்டாவதாக என்னையும் சேர்க்கவும். இந்த வரியை எழுதிய பிறகே தங்கை கையெழுத்திடச் சம்மதித்தாள்.

நாள்: செவ்வாய், 14
இடம்: தங்கை வீடு (இன்றைய தேதியில் கம்பவுண்டர் வீடு)

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) அண்ணன்
(ஒப்பம்) தங்கை