இவருக்குப் பதில் இவர்

மாதா துணை

அன்புள்ள அம்மாவுக்கு, குவைத்திலிருந்து பெல்சி எழுதுறது. சர்வேசுரனுக்குத் தோத்திரம். சுகமா இருக்கீகளா? மில்லுத் தூசியில வந்த இருமல் கொறஞ்சுச்சா? நான் நல்லா இருக்கேன். போன்ல பேசுனா பக்கத்துல மதினி இருப்பாக. அதான் புதுவயலுக்கு வர்ற பொன்னழகு அக்காகிட்ட இதைக் குடுத்து விடுறேன்.

நம்ம ஒம்பது மணி நாடகம் பாத்தீகளா? எனக்கு ஒண்ணுமே வெளங்கல. கௌரியா நடிச்ச பொண்ணை மாத்திட்டாக. ‘இவருக்குப் பதில் இவர்’னு கீழே ஒரு வரி போட்டாக, அம்புட்டுத்தான். வேற மூஞ்சி, வேற குரல். புருசங்காரன் ‘ஏன் கௌரி டல்லா இருக்கே’ங்கிறான். அந்தச் சின்னப்புள்ள ‘அம்மா’ன்னு ஓடிவந்து கட்டிக்கிருது. ஒருத்தருக்குக்கூடவா சந்தேகம் வராது? பழைய கௌரி அழுதா நமக்கும் அழுகை வரும். இவ அழுதா கண்ணு மைகூடக் கலையல.

ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல எம் மக ரோஸ்லின் என்னைப் பாத்துட்டு மதினி மடியில ஒளிஞ்சுக்கிட்டா. ‘அம்மா, போன்ல ஒரு ஆன்ட்டி’ன்னு அவுககிட்டச் சொல்றா. மதினி பதறிட்டாக. நான் சிரிச்சுட்டேன். மதினி மேல குத்தமில்லம்மா, பெத்த புள்ளயாத்தான் பாக்குறாக.

என் கல்யாணப் போட்டோவை எடுத்துருங்க, அதுல மேக்கப் போட்டு நானே வேற ஆளா இருக்கேன். இதோட வச்சிருக்கிற, இப்ப இங்க எடுத்த என் போட்டோவை டிவிக்குப் பக்கத்துல மாட்டுங்க.

அக்காவுக்கு வண்டி வந்துருச்சு. ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. நான் வந்து நிக்கிற அன்னைக்கு மதினிக்குப் பதில் நான்னு போடுவீகளா, இல்ல எனக்குப் பதில் மதினின்னு ஏற்கெனவே போட்டாச்சா?

உங்க மக,
பெல்சி